நின்றிருந்த பஸ்ஸில் இயற்கணிதம்

1999-ஆம் வருடம். கல்யாணமாகி நான் கீழப்பழுவூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு கிராமத்துக்கு வந்து ஐந்தாறு மாதம்தான் ஆகியிருந்தது. ஆடிக் காற்று தெருவையே தூக்கிக்கொண்டு போகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், என் கணவர் வேலையிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் அப்போது எங்கள் ஊர்ப் பக்கம் புதிதாக ஓட ஆரம்பித்திருந்த ஒரு மினி பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கிற வேலையில் இருந்தார். கண்டக்டர் லைசென்ஸ் கிடையாது. பத்தாவது பாஸ் செய்தால்தான் லைசென்ஸ். அவர் மற்ற எல்லாப் பாடமும் பாஸ் செய்து கணக்கில் மட்டும் நின்றுபோனவர். அதற்கப்புறம் இரண்டு தடவை எழுதிப் பார்த்தும் வரவில்லை. விட்டுவிட்டார்.

"மொதலாளி கூப்புட்டுச் சொல்லிட்டாரு. செக்கிங் அதிகமாயிடுச்சாம். சீக்கிரம் லைசென்ஸ் எடு, இல்லன்னா வேற ஆளப் போட்டுக்கிறேங்கிறாரு" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டே. கொஞ்ச நேரம் கழித்து, "திருப்பூர்ல என் கூட்டாளி இருக்கான். பனியன் கம்பெனிக்கு வாடான்னு ரொம்ப நாளாக் கூப்புடுறான். நான் போயிட்டு, மாசத்துக்கு ஒருக்கா வந்து பாத்துட்டுப் போறேன் புள்ள" என்றார்.

அந்த வீட்டில் எனக்கு அவரை விட்டால் வேறு யாரையும் சரியாகத் தெரியாது. மாமனார் இல்லை. அத்தை, அதாவது என் மாமியார், அதிகம் பேசாதவர். நான் அரியலூர் டவுனில் வளர்ந்து பிளஸ் டூ வரைக்கும் படித்தவள் என்பதாலேயே என்னிடம் ஒரு எட்டு தள்ளியே நிற்பார். இவரும் திருப்பூர் போய்விட்டால் அந்த வீட்டில் நானும் அத்தையும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

"கணக்குதானேங்க. நான் சொல்லித் தரேன். இன்னொரு தடவ எழுதுங்க" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கோபம் இல்லை. ஆனால் சட்டென்று வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அம்மா காதுல வுழப்போவுது" என்றார்.

பொண்டாட்டியிடம் பாடம் படிக்கிறான் என்று ஊர் பேசும் என்பது அவருடைய பயம். எனக்கு அது அப்போது சரியாகப் புரியவில்லை என்றாலும், கட்டாயப்படுத்தவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்து, "மத்தியானம் நீ சோறு கொண்டாரியா? பஸ்ஸு சும்மாதான நிக்கும். பொஸ்தகத்தையும் எடுத்தா" என்றார். அம்மாவிடம் மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் வாக்கும் வாங்கிக்கொண்டார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. மத்தியானத்தில் கூட்டம் இருக்காது என்பதால் அந்த மினி பஸ்ஸை ஊருக்கு வெளியே ஏரிக்கரைப் புளியமரத்தடியில் நிறுத்திவிடுவார்கள். டிரைவர் அண்ணன் சாப்பிட்டுவிட்டுப் பின் சீட்டில் நீட்டிப் படுத்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொள்வார். நான் தூக்குவாளியில் சோறும், பையில் பழைய புடவைத் துணியில் சுற்றிய கணக்குப் புத்தகமுமாகப் போவேன். அவர் சாப்பிட்டுக் கைகழுவியதும் முன்பக்கத்து இரண்டு பேர் சீட்டில் ஜன்னலோரம் அவரும் பக்கத்தில் நானுமாக உட்காருவோம். பள்ளிக்கூடத்தில் பெஞ்சு போட்ட மாதிரிதான் இருக்கும்.

நான் ஒன்றும் கணக்கில் புலி இல்லை. பத்தாவதில் ஏதோ நல்ல மார்க் வாங்கினேன், அவ்வளவுதான். புத்தகத்தைத் திறந்தபோது எனக்கே பாதி மறந்து போயிருந்தது. முதல் நாள் ராத்திரியே ஒரு பாடத்தைப் படித்துவைத்துக்கொண்டு மறுநாள் போய்ச் சொல்லுவேன். செய்முறை வடிவியல் அவருக்குச் சுலபமாக வந்தது. அளந்து வரைகிற வேலையெல்லாம் அவர் கைக்குப் பழக்கம் மாதிரி இருந்தது. இயற்கணிதம்தான் தகராறு. எக்ஸ் என்ற எழுத்தைப் பார்த்த உடனே அவர் முகம் மாறிவிடும்.

"எக்ஸுங்கிறது நமக்குத் தெரியாத ஒரு எண்ணுங்க. அது என்னன்னு கண்டுபுடிக்கணும்" என்று சொல்லிப் பார்த்தேன். பஸ்ஸில் ஏறிய ஆள் எங்கே இறங்கப்போகிறான் என்று தெரியாத மாதிரி என்று உதாரணம்கூடச் சொன்னேன்.

"ஏறுனவன்கிட்ட எங்க எறங்கணும்னு கேட்டா சொல்லிடுவான் புள்ள. இது வாயே தொறக்க மாட்டேங்குதே" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் கணக்கு நகரவில்லை.

அதோடு, எந்தக் கணக்கானாலும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும்போது மைனஸ் குறியை விட்டுவிடுவார். தினமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவர் ஒரு கணக்கை எழுதி முடித்து நிமிர்ந்தபோது, பின் சீட்டிலிருந்து துண்டுக்குள்ளேயே ஒரு குரல் வந்தது.

"மைனஸப் பாத்தியாப்பா?"

டிரைவர் அண்ணன் தூங்கவே இல்லை. "அது என்ன எழவுன்னு எனக்குத் தெரியாது. அந்தப் பொண்ணு தெனம் இதத்தான கேக்குது" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். பார்த்தால், உண்மையிலேயே மைனஸ் விட்டுத்தான் போயிருந்தது.

ஆவணி பிறந்தும் இருபடிச் சமன்பாட்டுப் பக்கமே போக முடியவில்லை. ஒரு மத்தியானம் நல்ல புழுக்கம். ஒரே கணக்கை நாலு தரம் சொல்லிவிட்டேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு, "வேணாம் புள்ள. எனக்கு இது வராது. நான் திருப்பூருக்கே போயிடுறேன்" என்றார்.

ஏரிக்கரையில் எருமைகள் போய்க்கொண்டிருந்தன. அதைப் பார்த்தபடியே அவர் பேச ஆரம்பித்தார்.

"எட்டாவது படிக்கும்போது எங்கப்பாவுக்கு முடியாமப் போச்சு. கரும்பு வெட்டு நேரம். ஒரு மாசம் ஸ்கூலுக்குப் போவல. திரும்பிப் போனா போர்டு பூரா ஏ, பி, எக்ஸுன்னு எழுதிக் கெடக்குது. நான் எந்திரிச்சு, 'சார், எழுத்த எப்புடி சார் கூட்டுறது'ன்னு கேட்டேன். கிளாஸே சிரிச்சுது. சாரும் சிரிச்சாரு. சிரிச்சுட்டு, 'ஒக்காரு'ன்னுட்டாரு. பதிலே சொல்லல. அன்னையோட நான் எதையும் கேக்குறத விட்டுட்டேன்."

அவ்வளவு வளர்ந்த ஆள், மீசை வைத்த ஆள், அதைச் சொல்லும்போது அவர் காது சிவந்துபோயிருந்தது. அப்பா அந்த வருடமே தவறிவிட்டார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கதையை அவர் அதுவரை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

அவர் கேட்ட கேள்வியை நினைத்துப் பார்த்தேன். எழுத்தை எப்படிக் கூட்டுவது? என்னையே யாராவது கேட்டிருந்தால் நானும் பதில் சொல்லியிருக்க மாட்டேன். நான் யாரையும் கேட்காமல், எல்லோரும் போடுகிற மாதிரி போட்டு மார்க் வாங்கியிருக்கிறேன், அவ்வளவுதான்.

"எனக்கும் தெரியாதுங்க. நெசமாத்தான் சொல்றேன். வாங்க, ரெண்டு பேருமாப் பாப்போம்" என்றேன்.

புத்தகத்தில் இருந்த ஒரு சமன்பாட்டை எடுத்தோம். எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் ஏழு எக்ஸ் பிளஸ் பன்னிரண்டு, சமம் பூஜ்யம். காரணிப்படுத்துகிற வழியை எல்லாம் விட்டுவிட்டு, "எக்ஸ் இருக்கிற எடத்துல ஒரு நம்பரப் போட்டுப் பாருங்க, எது வேணுன்னாலும்" என்றேன். அவர் ஒன்றைப் போட்டார். வரவில்லை. இரண்டைப் போட்டார். வரவில்லை. மூன்றைப் போட்டார். ஒன்பது, அதில் இருபத்தொன்று கழிக்க, பன்னிரண்டு கூட்ட, பூஜ்யம்.

அவர் பேனா அப்படியே நின்றுவிட்டது. பிறகு நான் சொல்லாமலேயே நான்கைப் போட்டார். அதுவும் பூஜ்யம்.

"ரெண்டும் சரியா?" என்று கேட்டார்.

"ரெண்டும் சரிதான்."

"ஒரு கேள்விக்கு ரெண்டு பதிலு சரியா இருக்கலாமா புள்ள?"

எத்தனையோ இருபடிச் சமன்பாடு போட்டிருக்கிறேன். ஒருநாளும் எனக்கு அது ஆச்சரியமாகப் பட்டதில்லை. அவர் கேட்ட பிறகுதான் அட, ஆமாம் என்று தோன்றியது. அன்றைக்கு அவர் ஐந்து, ஆறு, ஏழு என்று வரிசையாகப் போட்டுப் பார்த்து, வேறு எதுவும் வராது என்று தெரிந்த பிறகுதான் வண்டியை எடுக்கவிட்டார். டிரைவர் அண்ணன் இரண்டு தரம் ஹாரன் அடித்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் கேட்க ஆரம்பித்தார். கேட்டார் என்றால் அப்படிக் கேட்டார். மைனஸையும் மைனஸையும் பெருக்கினால் ஏன் பிளஸ் வருகிறது, கிராஃபில் அந்த வளைவு ஏன் கீழே தொட்டுவிட்டு மறுபடி மேலே போகிறது. பாதிக்கு எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் புத்தகத்தைப் புரட்டுவோம்.

இதற்கிடையில் ஊரில் வேறு பேச்சு கிளம்பியிருந்தது. புதுப் பொண்டாட்டி சோறு கொண்டுபோகிறேன் என்று தினமும் அவ்வளவு நேரம் பஸ்ஸுக்குள் என்ன செய்கிறாள் என்று குழாயடியில் சிரித்தார்கள். தண்ணீர் பிடிக்கப் போனால் நான் தலையைக் குனிந்துகொண்டுதான் வருவேன். அத்தையும் ஒருநாள், "சோறு குடுத்துட்டு வர இம்புட்டு நேரமா?" என்று கேட்டுவிட்டார். என் கணவருக்குக் கொடுத்த வாக்கை மீற முடியாமல், "தூக்குவாளியக் கழுவிட்டு வரேன் அத்தை" என்று மட்டும் சொன்னேன். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து நாங்கள் கிராஃப் போட்டுக்கொண்டிருந்தோம். அவர் நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு வளைவை வரைந்துகொண்டிருந்தார். நான் நிமிர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே, வெயிலில், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு அத்தை நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. கேட்பதற்கென்றே கிளம்பி வந்திருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. அவர் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் நிமிரவே இல்லை. வளைவு முடியவில்லை அவருக்கு. அத்தை திரும்பி ஏரிக்கரை வழியாக நடந்துவிட்டார்.

நான் அதை அவரிடம் சொல்லவில்லை. பயந்துகொண்டேதான் வீட்டுக்குப் போனேன். அத்தை ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் மத்தியானம் நான் தூக்குவாளியை எடுக்கப் போனால், அதற்குப் பக்கத்தில் இன்னொரு சின்னத் தூக்குவாளியும் வைத்திருந்தார்.

"ஒனக்கும் சேத்துத்தான் வச்சுருக்கேன். அங்கயே சாப்புட்டுட்டு மெதுவா வா. இங்க வேல ஒண்ணும் இல்ல" என்றார். நான் வாசல் தாண்டும்போது பின்னாலிருந்து, "அவன் எழுதுறான்ல?" என்று கேட்டார்.

"எழுதுறாருங்க அத்தை."

"சின்னதுலயே நல்லா எழுதுவான். நாங்கதான் வயலுக்கு இழுத்துக்கிட்டோம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார். குழாயடியில் அவர் என்ன சொன்னாரோ எனக்குத் தெரியாது. அந்த வாரத்திலிருந்து யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

தனித்தேர்வர்களுக்கான பரீட்சை புரட்டாசிக் கடைசியில் வந்தது. மையம் அரியலூரில் ஒரு பள்ளிக்கூடம். நான் வர வேண்டாம் என்று முதலில் சொன்னவர், காலையில் பஸ் ஏறும் நேரத்தில், "நீயும் வா" என்றார். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள் வெள்ளைத் தூசியைக் கிளப்பிக்கொண்டு போயின.

பள்ளிக்கூட வாசலில் எல்லாம் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள். மார்ச்சில் தவறியவர்கள். கூட அம்மா, அப்பாக்கள். இவர் உள்ளே போகக் காலெடுத்து வைத்ததும் வாட்ச்மேன் கையை நீட்டித் தடுத்தார்.

"கூட வந்தவங்கல்லாம் வெளிய நில்லுங்க சார். புள்ளைங்கள மட்டும் அனுப்புங்க."

அந்த மனுஷன் மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் பக்கத்தில் நின்ற பையன்கள் இரண்டு பேர் இவர் கையில் இருந்த ஹால் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு 'களுக்'கென்று சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் வந்திருக்கக் கூடாது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. பின்னால் நகர்ந்து, எதிரே இருந்த டீக்கடை வரைக்கும் நடந்துவிட்டார். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"வா, வூட்டுக்குப் போயிடலாம்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அழுதால் காரியம் கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் ஒரு அம்மா, நாற்பது வயது இருக்கும், ஒரு பெண்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்தார். அந்தப் பெண் உதட்டை மடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, உள்ள போறீங்களா? என் பொண்ண ரூமு வரைக்கும் வுட்டுடுங்க. மூணு மாசமா இதுக்குத் தூக்கமே இல்ல. என்னைய உள்ள வுட மாட்டேங்குறாங்க. ஒங்களப் பாத்தா சார் மாதிரி இருக்குது" என்றார்.

என் கணவர் கையிலிருந்த ஹால் டிக்கெட்டைப் பார்த்தார். பிறகு, "நான் சார் இல்லக்கா. நானும் அந்தப் பரீட்ச எழுதத்தான் வந்தேன்" என்றார்.

அந்த அம்மா முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை. "அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. ஒங்களுக்கும் தொணை, அதுக்கும் தொணை" என்று சொல்லி மகளின் கையை விட்டுவிட்டார். அந்தப் பெண் இவரை அண்ணாந்து பார்த்து, "அண்ணே, கிராஃப் கஷ்டமா வருமா?" என்று கேட்டாள்.

கேட்டதும் அவருக்கு என்ன ஆனதோ. "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. டேபிள் போட்டு ஒவ்வொரு புள்ளியா வையி, அதுவா வளைஞ்சுக்கும். வா" என்றார். இரண்டு பேரும் ரோட்டைத் தாண்டினார்கள். வாட்ச்மேனிடம் அவரே ஹால் டிக்கெட்டை எடுத்துக் காட்டினார். வாட்ச்மேன் அதைப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழி விட்டார். இவர் திரும்பிப் பார்க்காமலேயே அந்தப் பெண்ணோடு உள்ளே போய்விட்டார்.

நான் அந்த அம்மாக்களோடு மதில் நிழலில் உட்கார்ந்தேன். ஒருவர் என்னிடம், "ஒனக்கு யாரு எழுதுறாங்க, தம்பியா?" என்று கேட்டார். "எங்க வூட்டுக்காரரு" என்றேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அந்தப் பெண்ணின் அம்மா, "இவதான் சொல்லிக் குடுத்துருப்பா, மூஞ்சப் பாத்தாலே தெரியுது" என்றார். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். நான் பஸ் கதை, டிரைவர் அண்ணன் கதை எல்லாம் சொன்னேன். யாரோ மடியிலிருந்து கொய்யாக்காய் எடுத்துக் கொடுத்தார்கள். பரீட்சை முடிகிற மணி அடிப்பதற்குள் அவர்கள் எல்லோருக்கும், தங்கள் பிள்ளைகளோடு சேர்த்து என் கணவரும் பாஸாக வேண்டியவராகிவிட்டார்.

வெளியே வந்தபோது அவரை என்னைவிட முதலில் சூழ்ந்துகொண்டது அவர்கள்தான். "எப்புடி எழுதுனீங்க தம்பி?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவர் வெட்கப்பட்டுக்கொண்டே, "எழுதிருக்கேங்க, பாப்போம்" என்றார். அந்தப் பெண் பின்னாலேயே சிரித்தபடி வந்தாள். அவர்கள் எந்த ஊர், அவள் பாஸ் செய்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ரிசல்ட் வருவதற்கு முன்பே முதலாளி பொறுமை இழந்து அந்த வேலைக்குத் தன் சொந்தக்காரப் பையனைப் போட்டுவிட்டார். கார்த்திகை முழுவதும் என் கணவர் கிடைத்த கூலி வேலைக்குப் போனார். ஆனால் திருப்பூர் என்ற பேச்சை மட்டும் எடுக்கவில்லை. மார்கழியில் ஒருநாள் அரியலூர் போய் மார்க் பட்டியல் வாங்கிக்கொண்டு வந்தார். கணக்கில் நாற்பத்தேழு. கண்டக்டர் லைசென்ஸ் எடுத்து, அடுத்த வருடம் திருமானூர் வழியாகத் தஞ்சாவூர் போகிற ஒரு பெரிய பஸ்ஸில் வேலைக்குச் சேர்ந்தார். இப்போதும் கண்டக்டர்தான்.

மார்க் பட்டியலோடு வந்த அன்று அவர் வாசலிலேயே நின்று, "அம்மா, கணக்குல பாஸாயிட்டேன்" என்றார். அத்தை முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். மகனைப் பார்த்தார், கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார்.

"ரெண்டு பேருமா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா, ரெண்டு பேருந்தான்" என்றார் இவர்.

படிப்பு, பாஸ் என்றால் என்ன என்று தெரியாமல் அத்தை அப்படிக் கேட்டாரா, தெரிந்தே கேட்டாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்கு ராத்திரி அத்தை முதல் தடவையாக என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

இத்தனை வருட வாழ்க்கையில் எங்களுக்குள் சண்டை வராமல் இல்லை. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், புரியாததைக் கேட்கலாம், சிரிக்காமல் பதில் சொல்ல ஒரு ஆள் வீட்டிலேயே இருக்கிறார் என்கிற தைரியம் இருவருக்குமே அன்றிலிருந்து இருக்கிறது. ஒருவரை ஒருவர் நம்புவது என்றால் என்ன என்று யாராவது கேட்டால், எனக்கு இதைவிடப் பெரிதாக எதுவும் சொல்லத் தெரியாது.